தழும்பு காத்த தலைமுறை

பெரியம்மை ஒழிந்ததும் அம்மை குத்துவதும் நின்றது. குத்திய தழும்பே இல்லாத கைகள்தான் இன்று பெரும்பாலும் எருமைப் பால் கறக்கின்றன. மகாராஷ்டிரத் தொழுவங்களில் அவ்வப்போது தலைகாட்டும் ஒரு வைரஸ் இந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டதுபோல் நடந்துகொள்கிறது.

பொழுது சாய்ந்ததும் கோலாப்பூரின் கங்காவேஷ் பகுதிக்கு எருமைகள் வந்து சேரும். பந்தர்ப்பூரி இனம். வாளை வளைத்து வைத்ததுபோல முதுகுவரை நீளும் கொம்புகள். வாடிக்கையாளர்கள் காத்திருக்க, அவர்கள் கண்ணெதிரிலேயே பால் கறக்கப்படுகிறது. நுரை அடங்கும் முன்பே குடித்துவிடுகிறார்கள். 'தூத் கட்டா' என்று இதற்குப் பெயர். மல்யுத்தத்துக்குப் பேர்போன ஊர். உடம்பைத் தேற்ற எருமைப் பாலைவிட உசத்தியான மருந்து இல்லை என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

இந்த வியாபாரத்தில் மடிக்கும் டம்ளருக்கும் நடுவே இருப்பது இரண்டு கைகள் மட்டுமே. அந்தக் கைகளைத்தான் எருமை அம்மை குறிவைக்கிறது.

2009இல் இதே கோலாப்பூர் மாவட்டத்திலும், சோலாப்பூர் மாவட்டத்திலும் எருமைகளின் காம்புகளில் கொப்புளங்கள் தோன்றின. காதிலும் கண் இமையிலும்கூட அம்மை போட்டிருந்தது. சில நாட்களில் கறப்பவர்களின் விரல்களிலும் புறங்கையிலும் அதே கொப்புளங்கள். கூடவே காய்ச்சல், அக்குளில் நெறி கட்டுதல். சோலாப்பூர் மாவட்டத்தின் காசேகாவ் என்ற ஒரே கிராமத்தில் 166 பேர். கோலாப்பூர் மாவட்டத்தில் 21 கிராமங்களில் 185 பேர். நீரையும் பொருக்கையும் எடுத்துச் சோதித்ததில், மாட்டிடமும் மனிதனிடமும் இருந்தது ஒரே வைரஸ்தான் என்று தெரிந்தது.

யாரும் சாகவில்லையே, பிறகென்ன என்று கேட்கலாம். எருமை அம்மை உயிரைக் குடிக்கும் நோயல்ல என்பது உண்மைதான். ஆனால் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கறப்பவரால் கையை மடக்க முடியாது. காம்பில் புண்ணோடு நிற்கும் எருமையோ யாரையும் கிட்டே சேர்க்காது, உதைக்கும். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். மடிநோய் வந்துவிட்டால் அந்தக் காம்பே வீணாகப் போகலாம். இரண்டு எருமைகளை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு மாடும் கையும் ஒரே வாரத்தில் படுத்துக்கொள்கின்றன. பால் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே வெறும் கோடு விழுகிறது.

எண்ணிக்கையைப் பார்த்தாலும் இது சின்ன விஷயமல்ல. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எருமைகள் சுமார் 11 கோடி. பசுவினம் 19 கோடிக்கு மேல். கறவை இயந்திரங்கள் இருக்கும் பெரிய பண்ணைகள் இதில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கையால் கறக்கும் கொட்டில்கள். அங்கே தொழுவ வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது.

பால்காரிகளின் ரகசியம்

மாட்டோடு புழங்குபவர்களுக்கு நோய் அண்டாது என்ற நம்பிக்கை பழசு. அதில் உண்மையும் உண்டு. நவீன மருத்துவத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று அந்த நம்பிக்கையிலிருந்துதான் பிறந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரியம்மை தழும்பிட்ட முகங்கள் சர்வசாதாரணம். பால் கறக்கும் பெண்களின் முகம் மட்டும் பெரும்பாலும் மாசு மருவில்லாமல் இருந்தது. பசுவிடமிருந்து அவர்கள் கைக்குத் தொற்றிய லேசான அம்மை, பெரியம்மையைத் தடுத்துவிடுகிறது என்று கிராமத்தார் சொல்லி வந்தார்கள். இதை நம்பி 1774இல் பெஞ்சமின் ஜெஸ்ட்டி என்ற விவசாயி, பசுவின் அம்மைச் சீழை எடுத்துத் தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் குத்தினார். 1796 மே 14 அன்று டாக்டர் எட்வர்ட் ஜென்னர் அதையே முறையான சோதனையாகச் செய்தார். சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற 8 வயதுச் சிறுவனுக்குக் குத்தினார். பின்னர் பெரியம்மைச் சீழையே குத்திப் பார்த்தபோதும் சிறுவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பசுவுக்கு லத்தீனில் 'வாக்கா'. அதிலிருந்து வந்ததுதான் 'வாக்சின்'.

காரணம் எளிமையானது. பெரியம்மை, பசு அம்மை, எருமை அம்மை, ஒட்டக அம்மை, குரங்கம்மை எல்லாமே ஒரே வைரஸ் குடும்பத்தின் பங்காளிகள். முகஜாடை ஒன்றுபோல இருப்பதால், ஒருவரை அடையாளம் கண்டுகொண்ட உடம்பு மற்றவரையும் வாசலிலேயே மடக்கிவிடுகிறது. (சின்னம்மை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. பெயரில்தான் ஒற்றுமை.)

ஜென்னரின் மருந்து வெகு சீக்கிரமே இந்தியாவை எட்டியது. பாக்தாதிலிருந்து பாஸ்ரா வழியாக, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் குத்திக் குத்தியே அதை உயிரோடு கொண்டுவந்தார்கள். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் குத்தியதுதான் இந்தியாவில் பலித்த முதல் தடுப்பூசி. பிற்பாடு கன்றுகளின் தோலைக் கீறி, அதில் வைரசை வளர்த்து மருந்து தயாரிக்கும் முறை வந்தது. எருமைக் கன்றுகளும் இதற்குப் பயன்பட்டன. சென்னை கிண்டியின் கிங் இன்ஸ்டிட்யூட், பெல்காம், ஹைதராபாத், பட்வாடாங்கர் ஆகிய இடங்களில் தயாரான மருந்து நாடெங்கும் போனது.

மகாராஷ்டிரத்தில் பெரியம்மைக்கு 'தேவி' என்றே பெயர். வடக்கே சீதளா. தமிழகத்தில் மாரி. ஊர் ஊராக அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு குழந்தைகள் வைக்கோல் போரில் ஒளிந்துகொண்ட கதையை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். சுழலும் வட்டக் கத்தியை வைத்துத் திருகியதில் காசு அகலத்துக்குத் தழும்பு விழுந்தது. பின்னால் இருமுனை ஊசி வந்தது. 1975 மே மாதம் நாட்டின் கடைசிப் பெரியம்மை நோயாளி அஸ்ஸாமில் கண்டுபிடிக்கப்பட்டார். 1977இல் இந்தியா பெரியம்மை இல்லாத நாடு என்று சான்று பெற்றது. 1980 மே மாதம் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அம்மை குத்துவது நின்றது.

நிறுத்தியது சரியான முடிவுதான். அந்தத் தடுப்பூசி உயிருள்ள வைரஸ். அரிதாக மூளைக் காய்ச்சலையும் மரணத்தையும்கூட ஏற்படுத்தியது. இல்லாத நோய்க்காக அந்த ஆபத்தை யாரும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் விழுந்த அந்தத் தழும்பு, பெரியம்மையைத் தவிர வேறு சிலவற்றையும் தடுத்து வந்தது. அது அப்போது பெரிதாகப் படவில்லை.

வெளியேறிய விருந்தாளி

எருமை அம்மை புதிய நோயல்ல. 1934இலேயே, பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் லாகூரில் பதிவானது. மனிதர்களுக்குத் தொற்றக்கூடிய முக்கியமான கால்நடை நோய்களில் ஒன்றாக 1967இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று இதைக் குறிப்பிட்டது. ஆனால் மகாராஷ்டிரத்தில் அது கொத்துக்கொத்தாக வெடித்தது 1985-87இல். பிறகு 1992-96இல் மறுபடியும். அதன் பின் 2009. அம்மை குத்துவது நின்று, தழும்பில்லாத பிள்ளைகள் வளர்ந்து பால் சொம்பைக் கையில் எடுத்த காலமும் அதுதான். தடுப்பூசி நின்றதற்கும் இந்த நோய் திரும்பத் திரும்ப வருவதற்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கருதுவதற்குக் காரணம் இதுவே.

வைரசைத் துருவிப் பார்த்தபோது இன்னொரு ஆச்சரியம். அது பசு அம்மையின் நெருங்கிய உறவல்ல. பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த 'வாக்சினியா' வைரசின் நெருங்கிய உறவு. 1985-87இல் மகாராஷ்டிர எருமைகளிடமிருந்து எடுத்த மாதிரிகளில் பெரும்பாலானவை தடுப்பூசி வைரசிலிருந்து ஓரளவு விலகியிருந்தன. ஒன்று மட்டும் தடுப்பூசி வைரசிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது.

அப்படியானால் அம்மை குத்திய மனிதக் கையிலிருந்தே வைரஸ் எருமை மடிக்குப் போய், அங்கே குடியேறி, இப்போது தழும்பில்லாத கைகளுக்குத் திரும்பி வருகிறதா? இதை ஆராய்ச்சியாளர்கள் ஒரு சாத்தியமாகவே வைத்திருக்கிறார்கள். முடிந்த முடிவல்ல. வாக்சினியாவே ஜென்னரின் பசுவிடமிருந்து வந்ததுதானா என்பதிலும் சந்தேகம் உண்டு. 1902இல் அமெரிக்காவில் தயாரான ஒரு தடுப்பூசிக் குப்பியைச் சமீப காலத்தில் சோதித்தபோது, அதில் இருந்தது குதிரை அம்மை வைரசுக்கு மிக நெருக்கமானது என்று தெரிந்தது.

பிரேசிலிலும் இதே கதை. 1999இல் ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் கான்டகாலோ பகுதியில் கறவைப் பசுக்களின் காம்பிலும் கறப்பவர்களின் கையிலும் புண்கள். சோதித்தால் வாக்சினியாவின் வாரிசு. அங்கேயும் பெரியம்மைத் தடுப்பூசி நிறுத்தப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

தழும்பின் ஆயுள்

ஒருமுறை குத்தியது எத்தனை காலம் காக்கும்? அமெரிக்காவின் ஒரிகன் ஆராய்ச்சியாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு, 25 முதல் 75 ஆண்டுகளுக்கு முன் அம்மை குத்திக்கொண்டவர்களைச் சோதித்தது. அவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களின் உடம்பில் எதிர்ப்பு சக்தி கணிசமாக மிச்சம் இருந்தது. இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதங்கள் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அதே அளவில் நின்றன. வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்லும் அணுக்கள் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்து வந்தன. ஆக, தழும்புள்ள தாத்தாவுக்குத் தொற்றவே தொற்றாது என்று சொல்ல முடியாது. வந்தாலும் பெரும்பாலும் லேசாக வந்து போகும்.

தழும்பில்லாத தலைமுறைக்கு என்ன நடக்கும் என்பதை ஆப்பிரிக்கா காட்டியது. காங்கோ ஜனநாயகக் குடியரசில், பெரியம்மைத் தடுப்பூசி நின்ற 30 ஆண்டுகளில் குரங்கம்மை சுமார் 20 மடங்கு பெருகியதாக 2010இல் வெளியான ஆய்வு சொன்னது. அம்மை குத்தியவர்களைவிடக் குத்தாதவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு. 2022இல் அதே குரங்கம்மை உலகம் சுற்றிக் கேரளத்திலும் வந்து இறங்கியது.

இந்தியாவில் அம்மை குத்தியவர்களில் மிக இளையவருக்கே இப்போது 45 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. நாட்டு மக்களில் பெரும்பாலோர் அதற்குக் கீழே. இளைஞர்கள் பலர் தங்கள் தோளில் உள்ள வடுவைக் காட்டி 'எனக்கும் குத்தியிருக்கிறதே' என்பார்கள். அது காசநோய்க்கான பி.சி.ஜி. அம்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எல்லாம் ஒன்றல்ல

மாட்டோடு வாழ்வதே ஒரு தடுப்பூசி என்ற எண்ணம்தான் ஆபத்தானது. எருமை அம்மையைப் போல எல்லா வைரசும் நடந்துகொள்வதில்லை.

பசுவின் காம்பிலிருந்து கறப்பவர் விரலில் சிவந்த முடிச்சுகளை உண்டாக்கும் 'போலிப் பசு அம்மை' வேறு வகை வைரஸ். ஆடுகளின் வாயில் புண் உண்டாக்கும் வைரசும் அதன் இனமே. இவை ஒருமுறை வந்து போனாலும் நீண்ட காலக் காப்பு தருவதில்லை. அடுத்த ஈற்றில் அதே விரலில் மறுபடி வரலாம். பெரியம்மைத் தழும்பும் இங்கே உதவாது.

2011 ஜனவரியில் குஜராத்தின் அகமதாபாத் மாவட்டத்தில் கோலட் என்ற கிராமத்தைச் சேர்ந்த ஒரு பெண் ரத்தக்கசிவுக் காய்ச்சலில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டரும் நர்சும் அடுத்தடுத்து இறந்தார்கள். கிரிமியன்-காங்கோ காய்ச்சல் இந்தியாவில் உறுதியானது அப்போதுதான். இதன் வைரஸ் உண்ணிகளில் வாழ்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதனால் நோவு எதுவும் தெரியாது. எனவே நோயைப் பார்த்து மாட்டை ஒதுக்கிவைக்கவும் வழியில்லை. பின்னர் நடந்த சோதனைகளில் பல மாநிலங்களின் கால்நடைகளில் இந்த வைரஸ் வந்து போனதற்கான அடையாளங்கள் கிடைத்தன. மாட்டின் உடம்பில் எதிர்ப்பு சக்தி இருக்கிறது. உண்ணியை விரல் நகத்தால் நசுக்குகிறவர் உடம்பில் அது இருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

நேர் எதிரான உதாரணம் தோல் கழலை நோய். 2022இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகள் கொத்துக்கொத்தாக மடிந்தபோது, பால் குடித்தால் மனிதருக்கும் கழலை வரும் என்ற வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. அதுவும் அம்மைக் குடும்பத்தின் தூரத்து உறவுதான். ஆனால் மனிதரைத் தொற்றுவதில்லை. செத்த மாட்டுக்காக அழுதவர்கள், விற்காத பாலுக்காகவும் அழ வேண்டியிருந்தது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்ற தெளிவு இல்லாததற்குக் கிராமம் கொடுத்த விலை அது.

தொழுவத்தைத் தாண்டினால்

எருமை அம்மையும் தொழுவத்தோடு நின்றுவிடும் என்று இருக்க முடியாது. 2004-05இல் பாகிஸ்தானின் கராச்சியில் ஐந்து தீக்காயச் சிகிச்சைப் பிரிவுகளில் இந்த வைரஸ் பரவியது. நோயாளிகளை ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது வைரசும் கூடவே இடம் மாறியது. தீப்புண்ணில் எருமைக் கொழுப்பைத் தடவும் வீட்டு வைத்தியம் இதன் தொடக்கமாக இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. தோல் வெந்து கிடப்பவர்கள், எதிர்ப்பு சக்தி குன்றியவர்கள், கரப்பான் உள்ள குழந்தைகள் ஆகியோரிடம் போனால் சாதுவான வைரசும் சாதுவாக இருக்காது.

பெரியம்மையைக் கண்ணால் பார்த்த டாக்டர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர் அம்மைக் கொப்புளத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்தவர். கை கொப்பளித்து வரும் பால்காரரிடம் 'வீட்டில் எருமை இருக்கிறதா, அதன் காம்பில் புண் இருக்கிறதா' என்று கேட்கத் தோன்றாவிட்டால், களிம்பும் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுவார். மாட்டைப் பார்த்த கால்நடை மருத்துவருக்கோ வீட்டுக்காரரின் கையைப் பார்க்கும் வேலை இல்லை. மருத்துவமனைக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் எருமை அம்மை வசதியாக வாழ்கிறது.

2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் அரசே ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போடுகிறது. எருமை அம்மை அந்தப் பட்டியலில் இல்லை. மனிதர்களுக்குப் பழையபடி அம்மை குத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உடம்பில் பெருகாத, பாதுகாப்பான புதுத் தடுப்பூசி ஒன்று குரங்கம்மைக்காகச் சில நாடுகளில் போடப்படுகிறது. அதைக் கோடிக்கணக்கான பால் கறப்பவர்களுக்குப் போடுவது நடக்கிற காரியமல்ல.

நடக்கக்கூடியவை சாதாரணமானவை. காம்பில் புண் கண்ட எருமையைத் தனியே கட்டுவது. அதைக் கடைசியில் கறப்பது. முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. புண்ணைக் கிருமிநாசினியால் கழுவிக் களிம்பு தடவுவது. கையில் கீறல் உள்ளவர் அந்த மாட்டின் பக்கம் போகாமல் இருப்பது. வீட்டில் தழும்புள்ள பெரியவர் ஒருவர் இருந்தால் நோயுற்ற மாட்டைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் விடலாம், அவரும் கையைக் கழுவியாக வேண்டும் என்றாலும். பாலைக் காய்ச்சிக் குடிப்பது.

கடைசி விஷயம்தான் கங்காவேஷ் கட்டாவில் எடுபடாது. கறந்த சூட்டோடு குடிப்பதற்காகத்தான் அங்கே வருகிறார்கள். எருமையை ஓட்டி வரும் பெரியவரின் கையில் காசு அகலத்தில் ஒரு தழும்பு இருக்கக்கூடும். அவருக்குப் பிறகு அந்தக் காம்பைப் பிடிக்கப் போகும் பேரனின் கை வழவழவென்று இருக்கும்.